ஈ சொல்லும் சாட்சி

சம்பளம் கொடுபட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. பலாங்கொடைக் கடைத்தெருவிலே காய்கறி வாங்க நின்றிருந்தோம். எமக்கு முன்னே, தோட்டமொன்றிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் கத்தரிக்காய்க் குவியலின் அருகே குந்தியிருந்து, ஒவ்வொரு காயாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று மின்னிய காய்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, புழுத்துளை உள்ள காய்களாகத் தெரிந்தெடுத்துத் தமது பையில் இட்டார். கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன பாட்டி, நல்ல காயை விட்டுவிட்டுச் சொத்தையைப் பொறுக்குகிறீர்கள்?"

"புழுவுக்கு ஆகாதது என் பேரப்பிள்ளைக்கு மட்டும் ஆகுமா தம்பி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்து வாயிலையே அறியாத அந்த மூதாட்டி அங்கே செய்துகொண்டிருந்தது ஒரு விஞ்ஞானப் பரிசோதனை. காயிலே நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு சிற்றுயிரைச் சாட்சியாக வைத்து அறிய முயன்றார். கருவிகள் பெருகுமுன் ஆய்வுகூடங்களிலும் இதே வழிதான் இருந்தது. காய்கறியைப் பிழிந்த சாற்றிலே ஈக்களையும் நுளம்புக் குடம்பிகளையும் விட்டு, எத்தனை மாண்டன, எத்தனை பிழைத்தன என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆயினும், பாட்டியின் சாட்சி முழுச் சாட்சி ஆகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புழு துளைத்தது சென்ற வாரமாக இருக்கலாம். அந்தத் துளையைக் கண்டு பதறிய தோட்டக்காரன் மருந்து அடித்தது நேற்றாக இருக்கலாம். புழுத்துளை உள்ள காய்தான் அதிக மருந்து குடித்த காயாகவும் அமைந்துவிடும். அன்றியும், சில மருந்துகள் மேல்தோலில் நிற்பதில்லை; வேர்வழியாகவோ இலைவழியாகவோ உட்புகுந்து செடி முழுவதும் பரவிவிடும். கண்ணுக்குத் தெரிவதை வைத்து அவற்றை அறிய முடியாது.

"மருந்து" என்று எழுதிவிட்டோம். எம்மவர் வாயில் வரும் சொல் அதுதான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கோவாவுக்கு அடிப்பதும் மருந்து! பெயரிலே இருக்கும் இந்த இனிமைதான் எம் மனத்திலுள்ள அச்சத்தைக் குறைத்துவிட்டதோ என்று சில வேளை எண்ணத் தோன்றுகிறது.

சப்ரகமுவத் தோட்டங்களிலே முன்னாளில் லயத்தின் பின்புறம் நான்கு கத்தரி, இரண்டு பந்தல் அவரை, ஓரத்தில் கீரை என்று வளர்த்தவர்கள் பலர். இன்று கறிக்கூடையின் பெரும்பகுதி லொறியில் வருகிறது. வெலிமடை, கப்பெட்டிபொலைப் பக்கத்துக் கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா யாவும் பெரகலை, ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா என்று மலைப்பாதையில் இறங்கிப் பலாங்கொடையைத் தொட்டுத்தான் இரத்தினபுரிக்கும் கொழும்புக்கும் செல்கின்றன. கீழேயிருந்து எம்பிலிப்பிட்டியக் காய்கறி ஏறி வருகிறது. விளைவித்தவன் முகம் வாங்குபவனுக்குத் தெரியாது. எப்போது மருந்து அடித்தான், எத்தனை நாள் பொறுத்துப் பறித்தான் என்று யாரிடம் கேட்பது? பாட்டி புழுவிடம் கேட்டதில் வியப்பில்லை.

இதே கேள்வியைத் தாய்வான் நாட்டு விஞ்ஞானிகளும் கேட்டார்கள். அங்கும் காய்கறி இரவோடிரவாகச் சந்தைக்கு வந்து விடிவதற்குள் விலையாகிவிடும். ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பி, பெரிய இயந்திரங்களில் இட்டு, முடிவு வந்து சேருமுன் அந்தக் காய்கறி கறியாகி உண்டும் முடிந்திருக்கும். நஞ்சு இருந்தது என்ற செய்தி பின்னர் வந்து யாருக்கு என்ன பயன்? ஆதலின், சந்தையிலேயே சில நிமிடங்களில் விடை சொல்லும் முறை ஒன்று வேண்டும் என்று தாய்வான் விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் முயன்று, 1985ஆம் ஆண்டில் ஒரு முறையை உருவாக்கினர். அவர்கள் தேடிப் பிடித்த சாட்சி யார் தெரியுமா? எம் வீட்டு அடுக்களையில் நாம் துரத்தித் துரத்தி அடிக்கும் சாதாரண ஈ!

முழு ஈயை அவர்கள் பயன்படுத்தவில்லை. அதன் தலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நொதியத்தையே பயன்படுத்தினர். அந்த நொதியத்தின் வேலையை மாணவர்கள் விளங்கிக்கொள்வது நன்று. நரம்பு தசைக்கு ஆணையிடும்போது, அசற்றைல்கோலின் என்னும் பொருள் இடையிலுள்ள சிறு இடைவெளியைக் கடந்து சென்று செய்தியைச் சேர்ப்பிக்கிறது. செய்தி சேர்ந்தவுடன் அதை அவ்விடத்திலேயே சிதைத்து அப்புறப்படுத்த வேண்டும். அந்தப் பணியைச் செய்வதே அசற்றைல்கோலினெசுத்தரேசு என்னும் நொதியம். பெயர் நீளமானது, வேலையோ மிக விரைவானது.

பழைய நாட்களிலே பிரட்டுக்கு ஆளெழுப்பத் தப்பு அடிப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் கூடியதும் தப்பு ஓய்ந்துவிடும். ஓயாமல் விடிய விடிய முழங்கிக்கொண்டே இருந்தால் தோட்டம் என்னவாகும்? ஓகனோபொசுபேற்று, காபமேற்று என்னும் இரண்டு குடும்பத்துப் பூச்சிநாசினிகளும் செய்வது இதைத்தான். தப்பை நிறுத்தும் ஆளாகிய நொதியத்தின் கையைக் கட்டிவிடுகின்றன. தசைகள் துடிக்கும்; வாயில் நீர் வடியும்; கண்மணி சுருங்கும்; முடிவில் மூச்சுத் தடைப்படும். பூச்சிக்கும் இதே கதி, மனிதனுக்கும் இதே கதி. 1936ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் கேர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிகளைக் கொல்லும் பொருள் தேடப் புறப்பட்டுத் 'தபூன்' என்னும் போர் நஞ்சைக் கண்டதும், பின்னர் 1944இல் பரதியோனை ஆக்கியதும் இக்குடும்பத்துக் கதையே.

இப்போது சோதனைக்கு வருவோம். காய்கறிச் சாற்றை ஈயின் நொதியத்தோடு கலந்து சிறிது நேரம் வைக்கிறார்கள். பின்னர், அந்நொதியம் சிதைத்தால் மஞ்சள் நிறம் தோன்றக்கூடிய பொருளைச் சேர்க்கிறார்கள். இந்த மஞ்சள் நிற உபாயத்தை 1961இல் வெளியிட்டவர் எல்மன் என்னும் அமெரிக்கர். மஞ்சள் நன்றாக ஏறினால் நொதியம் உயிர்ப்போடு இருக்கிறது. அது தேடும் நஞ்சு காயில் மிகுதியாக இல்லை. நிறம் ஏறாவிட்டால் நொதியத்தின் கை கட்டுண்டிருக்கிறது. காயை விற்கவிடாமல் நிறுத்திவைக்க வேண்டும். பச்சிலை நிறம் மாறினால் நஞ்சு, பால் திரிந்தால் கேடு என்றெல்லாம் மாற்றத்தைக் கண்டே அஞ்சிப் பழகிய எமக்கு, இங்கே மாற்றமின்மையே அபாயம் என்பது சற்றுப் புதுமையாகத்தான் இருக்கிறது.

இதன் இன்னும் எளிய வடிவம் ஒரு சிறு காகித அட்டை. அதில் வெள்ளை வட்டு ஒன்று, சிவப்பு வட்டு ஒன்று. வெள்ளையில் நொதியம் ஊறியிருக்கிறது. சீனாவில் 2003இல் வகுக்கப்பட்ட செய்முறைப்படி, மண் துடைத்த காய்கறியைச் சிறு துண்டுகளாக வெட்டி, 5 கிராம் எடுத்து, 10 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில் இட்டு ஐம்பது தடவை குலுக்கி இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். அந்த நீரில் இரண்டு மூன்று துளியை வெள்ளை வட்டில் விட்டு, உடற்சூடாகிய 37 பாகையில் பத்து நிமிடம் வைத்த பின், அட்டையை மடித்துச் சிவப்பு வட்டை அதன்மேல் மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளை வட்டு நீலமானால் நலம். வெள்ளையாகவே நின்றால் கேடு. காய்கறி படாத வெறுங் கரைசலையும் ஒவ்வொரு முறையும் வேறோர் அட்டையில் இட்டு ஒப்புநோக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கெட்டது காயா அட்டையா என்று தெரியாது. நொதியம் வெப்பத்தில் கெட்டுப்போகும் இயல்புடையது. அட்டைகளைக் குளிர்ப்பெட்டியில் பேண வேண்டும்.

ஹொங்கொங்கில் 1980களின் பிற்பகுதியிலே மெத்தமிடோபொஸ் என்னும் ஓகனோபொசுபேற்றுத் தங்கிய கீரைகளை உண்டு பலர் நோயுற்றனர். இப்போது அங்கே சீனப் பெருநிலத்திலிருந்து வரும் காய்கறி லொறிகளை மன் கம் டோ என்னும் எல்லை நிலையத்திலேயே மறித்து மாதிரி எடுக்கிறார்கள். லொறி ஊருக்குள் நுழையுமுன்னரே கேள்வி கேட்கப்படுகிறது. அந்த மெத்தமிடோபொஸ் இலங்கையிலும் இருந்தது, 1995இல் தடைசெய்யப்பட்டது.

ஈயின் சாட்சிக்கு இத்தனை புகழ் கூறிய நாம் அதன் குறைகளையும் மறைக்கலாகாது. முதலாவது, அது தன் நொதியத்தைத் தாக்கும் இரண்டு குடும்பங்களைப் பற்றியே பேசும். பைரெதிரொயிட்டு என்னும் பூச்சிநாசினிகள், மங்கோசெப் போன்ற பூஞ்சணநாசினிகள், களைநாசினிகள் ஆகியவற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அட்டை நீலமானால் "இவ்விரண்டு குடும்பத்தார் இங்கே மிகுதியாக இல்லை" என்று பொருளே தவிர, "நஞ்சே இல்லை" என்று பொருளன்று. தாய்வானிலே ஒருவகைப் பூஞ்சணநாசினிகளுக்கென வேறொரு சாட்சியை, ஒரு பற்றீரியத்தை, ஈக்குத் துணையாக வைத்தார்கள்.

இரண்டாவது, சில காய்கறிகள் தம் இயல்பான சாற்றினாலேயே நொதியத்தைக் குழப்பிவிடும். வெங்காயம், உள்ளி, முள்ளங்கி, கொத்தமல்லித் தழை, தக்காளி ஆகியவை இந்தச் சாட்சியைப் பொய் சொல்ல வைக்கக்கூடியவை. குற்றமற்ற உள்ளியை நஞ்சென்று தள்ளிவிட நேரும்! இவற்றை வெட்டிப் பிழியாமல் முழுதாகக் கரைசலில் நனைத்து எடுத்துச் சோதிப்பது வழக்கம்.

மூன்றாவது குறை அளவைப் பற்றியது. காகித அட்டை சில மருந்துகளை ஒரு கிலோவுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் எட்டிய பின்னரே காட்டிக்கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியமும் யப்பானும், தனியாக எல்லை வகுக்காத மருந்துகளுக்கு வைத்திருக்கும் பொது எல்லையோ கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நூறு தொன் காய்கறியில் ஒரே ஒரு கிராம்! பத்துத் தொன் ஏற்றும் லொறிகள் பத்தை வரிசையாக நிறுத்தி, அவற்றில் ஒரு சிட்டிகை மருந்தைத் தேடுவது போன்றது. அதைக் காண ஆய்வுகூடத்துப் பெரிய கருவிகளே வேண்டும். ஆதலின் அட்டை நீதிபதி ஆகாது, வாயிற்காவலன் மட்டுமே. ஐயமுள்ளதை நிறுத்திவைப்பான், தீர்ப்பு ஆய்வுகூடத்திலிருந்து வர வேண்டும்.

இந்த 0.01 என்ற எண் எம் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று; அவர்கள் பறிக்கும் கொழுந்தோடு ஒட்டிய எண் அது. 2015இல் இலங்கையில் கிளைபோசேற்றுக் களைநாசினி தடைசெய்யப்பட்டது. தேயிலையில் களையை அடக்க வேறு மருந்துகளை நாடினார்கள். அவற்றுள் எம்.சி.பி.ஏ. என்பதன் மிச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதை யப்பான் கண்டுபிடித்து எடுத்துக்காட்டியது. தேயிலைத் தொழிலே கலங்கியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேற்றுத் தடை தளர்த்தப்பட்டது. யப்பானியன் ஒருவன் தன் கோப்பையில் ஊற்றும் சாயத்தில் நூறு தொன்னுக்கு ஒரு கிராம் வீதம் நஞ்சு இருந்தாலும் எம் நாட்டுத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் விழித்தெழுகின்றன. அந்தக் கொழுந்தைப் பறித்த பெண், மாலையில் கடையில் வாங்கும் கோவாவைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்டதை நாம் கண்டதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையிலிருந்து செல்லும் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் எல்லையில் கூடுதலாகச் சோதிக்கும் பட்டியலிலே சேர்த்த செய்தியும் வந்தது. வல்லாரைச் சம்பல் எம் வீட்டுப் பிள்ளைகளும் உண்பதுதானே? தேயிலைக்கு வாங்குபவன் குரல் இருக்கிறது. கறிக்கூடைக்குக் குரல் இல்லை. எம் மனத்தை உறுத்துவது இதுதான்.

நாட்டிலே சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது; அதை நடத்தும் பதிவாளர் அலுவலகம் பேராதனையை அடுத்த கெட்டம்பையில் இருக்கிறது. அவர்கள் செய்த நன்மை சிறிதன்று. 1984இல் பரதியோன், 1995இல் மொனோகுரோட்டோபொஸ், 1998இல் எண்டோசல்பான் என்று கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். மனம் உடைந்த வேளையில் கைக்கெட்டிய தூரத்திலிருந்த நஞ்சினால் மாண்டுபோன உயிர்கள் எம் தோட்டங்களில் எத்தனை! 1995ஆம் ஆண்டையடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததற்கு இத்தடைகள் முக்கிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். காய்கறியில் தேடுவதற்கு முன்பே கடையிலிருந்து அகற்றிவிடுவது சோதனையிலும் மேலான காவல் அன்றோ?

ஆயினும், கடையில் இன்னும் விற்பனைக்கு இருப்பவற்றின் மிச்சத்தைத் தேடத்தான் வேண்டும். கப்பெட்டிபொலையிலும் எம்பிலிப்பிட்டியவிலும் விசேட பொருளாதார மத்திய நிலையங்கள் இருக்கின்றன. லொறிகள் கூடும் அத்தகைய இடங்களில் ஒரு மேசை, ஒரு குளிர்ப்பெட்டி, பயின்ற இளைஞர் இருவர் இருந்தால் விடியுமுன் பல மாதிரிகளைப் பார்த்துவிடலாம். பெலிஹுல்ஓயாவிலே சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞான பீடம் இருக்கிறது. காய்கறி லொறி இறங்கும் பாதையோரத்திலேயே இருக்கிறது. அங்கே பயிலும் எம் பிள்ளைகள் இதைக் கையிலெடுத்தால் எவ்வளவு பொருத்தம்!

இந்த நொதியத்தைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். ஈயின் தலையில் இருப்பது மருந்து அடிப்பவனின் குருதியிலும் இருக்கிறது. ஆகவே, காய்கறியைச் சோதிக்கும் அதே தத்துவத்தால் அவனையும் சோதிக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இம்மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளருக்கு இத்தகைய குருதிச் சோதனை 1974 முதலே சட்டத்தால் வகுக்கப்பட்டது. தேயிலையில் அடிக்கும் களைநாசினிகளை இச்சோதனை காட்டாது என்பது மெய். ஆனால், ஓய்வு நாட்களில் அயற் கிராமத்துக் காய்கறித் தோட்டங்களில் கூலிக்குத் தெளிகருவியை முதுகில் சுமப்பவர்கள் எம்மவரில் இருக்கிறார்கள். கடைக்காரன் கைக்கும் பாட்டியின் பைக்கும் வருவது மிச்சம் மட்டுமே. முழுமையை முதலில் மூச்சில் வாங்குபவன் அவன்தான். அவனுடைய குருதியை யார் பார்த்தார்கள்?

இனி, அட்டையும் ஆய்வுகூடமும் வரும்வரை எம் தாய்மார்கள் என்ன செய்வது? கழுவுவதுதான் முதல். கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தார், சந்தைக் காய்கறியில் மிச்சத்தைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை மக்களுக்கு வெளியிட்டு வந்தவர்கள், புளி கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பின் நல்ல நீரில் பலமுறை அலசச் சொல்லுகிறார்கள். 2017இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிளின் மேல் இரு மருந்துகளை இட்டுப் பார்த்தபோது, அப்பச்சோடா கரைத்த நீர் 12 முதல் 15 நிமிடத்தில் மேற்பரப்பில் இருந்ததை நன்கு அகற்றியது. தோலின் உள்ளே புகுந்ததை அகற்ற முடியவில்லை. அவர்கள் எடுத்தது லீற்றருக்குப் 10 கிராம், ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. கோவாவின் வெளியிலைகளைக் கழித்துவிடலாம். கரட்டின் தோலைச் சீவலாம். கறிவேப்பிலையைத்தான் எவரும் கழுவுவதில்லை. கொத்தாகப் பறித்துத் தாளிதத்தில் போடுவதே வழக்கம். கேரளத்தார் மிச்சம் கண்டவற்றில் அதுவும் ஒன்று.

கழுவுவதற்காகக் காய்கறியைக் குறைத்து உண்ணலாகாது. மருந்துக்கு அஞ்சிக் கீரையையும் போஞ்சியையும் விட்டுச் சோறும் தேங்காய்ச் சம்பலுமாகப் பிள்ளைகளை வளர்த்தால், அந்தக் கேடு இதனிலும் பெரிது.

இன்னொன்று: மருந்து வந்த போத்தலையும் தகரத்தையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 2013 யூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில் ஒரு சிறு பள்ளியிலே மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் மாண்டனர். சமையல் எண்ணெயிலே மொனோகுரோட்டோபொஸ் கலந்திருந்தது. அம்மருந்து இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்பர். சமைத்த பெண்ணே, எண்ணெயின் மணம் சரியில்லை என்று சொல்லிப் பார்த்ததாகச் செய்திகள் வந்தன.

வீட்டுப் பின்புறத்தில் தாமே பயிரிடுபவர்களுக்கு மருந்துப் போத்தலின் சீட்டே ஆசான். அடித்த பின் எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்று அதில் மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருக்கும். எழுத்து மிகச் சிறியது, பாட்டிமாருக்குத் தெரியாது. ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரப்பிள்ளை வாசித்துச் சொல்லலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே கடைக்குப் போனோம். பாட்டி அன்று வரவில்லை. போஞ்சியை நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரரிடம், "இதற்குக் கடைசியாக மருந்து அடித்தது எப்போது?" என்று கேட்டோம். அவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு எம்மை ஒரு தரம் பார்த்தார்.

"பதினைந்து வருஷமாக வியாபாரம் செய்கிறேன் ஐயா. விலை குறை என்று கேட்காதவர் இல்லை. இதை ஒருவரும் கேட்டதில்லை." பிறகு, சிறிது யோசித்து, "லொறி வியாழக்கிழமை வரும். கேட்டு வைக்கிறேன்" என்றார்.